அறையைக் காலி செய்யாத விருந்தாளி

அண்ணாச்சி,

இன்று காலை ஏரலுக்குப் போகும்போது உங்கள் கடை முன்னால் பஸ் நின்றது. ஏணியில் நின்று ஒருவர் பெயர்ப்பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வாசனை வந்தது. ‘சாப்பாடு’ முடிந்து, ‘தங்கும் அறைகள்’ பாதியில் ஈரமாக மின்னியது. நீங்கள் போன பிறகு அந்தப் பலகையை இறக்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது இறங்காமல் போனதற்கு நானே காரணம். அதை உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

திருச்செந்தூர் போகிற மாட்டுவண்டிக்காரர்களுக்கு உங்கள் அப்பா சோறு போட்ட இடம் அது. உப்பு லாரிகள் பெருகியதும் நீங்கள் மாடியில் அறைகள் கட்டினீர்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வருடங்களில் எனக்கு மத்தியானச் சாப்பாடு அங்கேதான். லாரிக்காரர்களின் பார்வை படாமல் அடுக்களை ஓரம் எனக்கென்று ஒரு மேசை போட்டிருந்தீர்கள்.

மாடியில் கடைசி அறைக்கு ஒரு பெரியவர் தங்க வந்தார். ஊர் கேட்டதற்கு, கயத்தாறுக்கு அங்கிட்டு என்று மட்டும் சொன்னாராம். விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. போலீஸ் விசாரணை முடிந்ததும் நீங்களே கொள்ளி வைத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. அந்த அறையில் யாரோ இருமுகிறார்கள், வறண்ட இருமல், முடிவில் மெல்லிய விசில் என்று டிரைவர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவராகத் தங்குவதை நிறுத்தினார்கள். நீங்கள் உங்கள் கட்டிலைத் தூக்கி அந்த அறையிலேயே போட்டுக்கொண்டீர்கள். மிச்சமிருந்த டிரைவர் ஒருவர் மறுநாள் கேட்டார்.

“அண்ணாச்சி, நேத்து ஏதும் சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுலே. பக்கத்து ரூம்ல நீ விட்ட கொறட்ட.”

கடையே சிரித்தது. இன்னொருவர் சொன்னார்: “அண்ணாச்சி இருமுனா கயத்தாறு வரைக்கும் கேக்கும். அதுக்கு மேல எந்தப் பேயி இரும முடியும்?” உண்மைதான். நீங்கள் தொண்டையைச் செருமினால் தகர டிரம்மை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல் இருக்கும். டிரைவர்கள் திரும்ப வந்தார்கள்.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள். “டீச்சர், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். அந்தப் பெரியவரு தெனமும் இருமத்தான் செய்தாரு.”

நான் என் வகுப்புப் புத்தியில் ஓர் உதாரணம் சொன்னேன். அடுப்பை அணைத்த பிறகும் பானையில் சோறு கொஞ்ச நேரம் வேகுமே, போனவரின் இருமலை மனசும் அப்படித்தான் கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருக்கும் என்றேன்.

“சோறு வெந்து முடிஞ்சா சத்தம் நின்னுரும்லா டீச்சர்? இது நிக்கலியே.” கரண்டியைக் கீழே வைத்தீர்கள். “அன்னைக்கு ஒரு செம்பு வெந்நி கேட்டாரு. ஒரே கூட்டம். பொறவு தாரேன்னேன். இப்பம் தெனமும் வைக்கேன்.”

“பயமா இல்லையா?”

“என்னத்துக்குப் பயம்? அவரு இன்னும் ரூமக் காலி பண்ணல. அம்புட்டுத்தான்.”

அதே அறையில், தூக்கத்திலேயே நீங்களும் போய்விட்டீர்கள். துபாயிலிருந்து உங்கள் மகன் வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுடைய சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

போன மாதம் உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்தான். பெட்ரோல் பங்க் வைக்க இடம் கேட்கிறார்களாம்.

“டீச்சர், மேல யாரோ இருமுதாவன்னு டிரைவருங்க சொல்லுதாவ. அது அப்பான்னா எடத்தக் குடுக்க மாட்டேன். இல்லன்னா இந்த வாரமே கையெழுத்துப் போட்டுருவேன். நான் வருசக் கணக்கா போன்லதான அவுக கொரலக் கேட்டேன்? ஒங்களுக்குத்தான் அவுக இருமல் தெரியும்.”

போனேன். வெயில் தாழும் நேரம், உங்கள் கட்டிலின் ஓரத்தில் அவனும் நாற்காலியில் நானுமாக உட்கார்ந்திருந்தோம். கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இடையில் ஒரு நொடி சாலை அமைதியானது.

இருமல் கேட்டது. வறண்ட இருமல். முடிவில் மெல்லிய விசில்.

மகன் என்னைப் பார்த்தான். “அப்பாதான, டீச்சர்?”

தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத பிள்ளையிடம் எதைச் சொல்வேன்? “ஆமா, அப்பாதான்” என்றேன். “கீழ போயி ஒரு செம்பு வெந்நி கொண்டு வந்து வையி.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் ஓடினான். இப்போது தினமும் வைக்கிறானாம். யாருக்கென்று தெரியாமலே வைக்கிறான்.

அவன் திரும்பி வரும்வரை நான் தனியாக இருந்தேன் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். அந்தப் பெரியவர் இன்னொரு முறை இருமினார். உங்கள் சத்தம் வரவேயில்லை. நீங்கள் முழுவதுமாகப் போய்விட்டீர்கள் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் மகனுக்குத் தெரியாமல் அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை தொண்டையைச் செருமியிருந்தீர்கள் என்றால், நான் சொன்னது பொய்யாகியிருக்காது.