நித்யாவின் ஏரித் தண்ணீரும் என் வடிதாளும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சைதாப்பேட்டையில் பஸ் ஏறும்போது செருப்பு அறுந்தது. இன்று படகு ஏரியில் லேப் வேலை. எனக்கு நத்தை, நித்யாவுக்குத் தண்ணீர். நான் சேற்றில் இறங்கிப் பொறுக்கி, லேபில் ஒவ்வொன்றையும் டம்ளரில் போட்டு, விளக்கடியில், தோலில் ஏறி அரிப்பு தரும் அந்தப் புழு நத்தையிலிருந்து வெளியே வருகிறதா என்று கண் வலிக்கப் பார்க்க வேண்டும். நி. தண்ணீரை வடிகட்டினால் போதும், வடிதாளில் புழுவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று மெஷின் சொல்லிவிடும். அவள் லேபுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஷூவில் சேறே இல்லை.

படகுக்காரர்: "இன்னா மேடம், கால வுட்டா அரிக்குதுன்னு பசங்க அழுவுதுங்க. தண்ணில இன்னா கீது?" நான் வாயைத் திறப்பதற்குள் நி. பதில் சொல்லிவிட்டாள்.

கரையில் குறித்தவை: சிப்ஸ் பாக்கெட், வாத்துக்குப் பிஸ்கட் போடும் குடும்பங்கள், கால் நனைக்கும் குழந்தைகள். எல்லாம் நிறைய.

நி. ப்ளாங்க் எடுக்கவில்லை. லேபிலிருந்து கொண்டுபோகும் சுத்தத் தண்ணீரையும் அங்கேயே வடிகட்டியாக வேண்டும். அதிலும் புழு தெரிந்தால் அழுக்கு ஏரியில் இல்லை, நம் கையில். பார்த்தும் சொல்லவில்லை. மாட்டட்டும். அவள் இளநீர் குடிக்கப் போனபோது அவள் பம்பிலேயே நான் அந்தச் சுத்தத் தண்ணீரை வடிகட்டி, வடிதாளை என் ஐஸ் பெட்டியில் வைத்தேன். பழக்கதோஷம். பொய். பம்ப் அழுக்கு என்று காட்டத்தான்.

ஜூலை 10, வியாழன்

நி.-க்குப் புழு கிடைத்துவிட்டது. படகுத்துறைத் தண்ணீரில். என் நத்தைகள் டம்ளரில் சும்மா ஊர்கின்றன, தடிமாடுகள். எங்கள் ஆய்வு வழிகாட்டி மேடம் அவள் தோளைத் தட்டி, "ஏரி நிர்வாகத்துக்கிட்ட நீயே பேசு. எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லலாம்" என்றார். நாலு வருஷமாக நானும் இங்கேதான் இருக்கிறேன். வயிறு எரிகிறது.

வாங்க: செருப்பு, தயிர்.

ஜூலை 14, திங்கள்

ஏரி நிர்வாகத்திடம் நி. பேசப்போவதற்கு ஒத்திகை. மேடம் கேட்டார், "ப்ளாங்க் எங்க?"

"மறந்துட்டேன் மேடம்."

"அப்ப இந்த ரிசல்ட் செல்லாது. பேச்சும் கிடையாது."

உள்ளே எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. நி. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. நேராகப் போய் என் வடிதாளைச் சோதனைக்குப் போட்டேன். புழு தெரியட்டும். மறதி மட்டுமில்லை, தப்பும்தான் என்று ஆகட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சுத்தம். மறுபடி ஓட்டினேன். அப்போதும் சுத்தம். அவள் கண்டது நிஜம், அதற்குச் சாட்சி என்னிடம் மட்டும். குப்பைத்தொட்டி காலடியில்தான் இருந்தது. காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். பலகை வராவிட்டால் அந்தப் பிள்ளைகள் சொறிந்துகொண்டேதான் இருக்கும். மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

மேடம் நி.-யிடம், "பாத்தியா, அக்கா மாதிரி இருக்கணும்." நாலு வருஷமாக இதைக் கேட்கத்தான் ஏங்கினேன். கூசியது.

நி. கட்டிக்கொண்டாள். "உங்களுக்கு எவ்ளோ பொறுப்புக்கா." நானாக இருந்தால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பேன். அவளுக்கு அது தோன்றவே இல்லை. இப்போது அதற்கும் பொறாமை.