பின்தண்டுக்கு இரண்டு அடி

என் அருமைச் சேஷாத்திரிக்கு,

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நம் வீதிக் கோயில் மண்டபத்தில் தர்மகர்த்தா முதல் மடைப்பள்ளிக்காரர் வரை பதினாறு பேர் கூடினார்கள். இரண்டரை மணி நேரம் வாதித்து, நடுவில் ஒருமுறை நீர்மோர் குடித்து, பெருமாள் பல்லக்கின் தண்டுகள் பின்பக்கம் இரண்டு அடி நீள வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மறுப்புச் சொன்னவர் ஒருவர்தான். அவருக்குக் காது கேட்காது; எதை மறுக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. சென்னைப் பத்திரிகைகள் இந்தச் செய்தியை இன்னும் வெளியிடவில்லை. ஆகவே நானே உனக்கு எழுதுகிறேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் தங்கை ஆண்டாள் சௌக்கியம். உன் பள்ளிக்கூட நோட்டுகளைக் கட்டி வைக்கும்போது ஒன்றை என் பக்கம் தள்ளி, "அண்ணா இதிலே பல்லக்கு வரைஞ்சிருக்கான், பாருங்கோ. கோணலா இருக்கு" என்றாள். படம் கோணல்தான். விஞ்ஞான வாத்தியாருக்குச் சித்திரம் எதற்கு? ஆனால் அதன் கீழே நீ போட்டிருந்த கணக்கு நேராக இருந்தது.

போன வைகாசி உற்சவத்தில், நீயும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தெற்கு வீதியில் முனுசாமியின் முழங்கால் மடிந்தது. பல்லக்கு பின்னால் சாய்ந்தது; பெருமாளின் மாலை நழுவித் தெருவில் விழுந்தது. திருப்புட்குழியிலிருந்து நடந்து வந்து, பதினோரு வருஷமாகப் பின்தண்டு தாங்குகிறவன் அவன். அவனுக்கு முன் அவன் தகப்பன் அதே இடத்தில் நின்றவன்.

மாலை விழுந்தால் காரணம் வேண்டும். தூக்குகிறவர்கள் பத்து நாளும் ஒருவேளைச் சாப்பாடு, வெங்காயம் கிடையாது என்று விரதம் இருப்பவர்கள் அல்லவா? முனுசாமி விரதம் தப்பினான் என்று முடிவாயிற்று. என்ன சாப்பிட்டான் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை. ஒரு கட்சி வெங்காயம் என்றது. இன்னொரு கட்சி கருவாடு வரை போயிற்று. அவன் கோயிலுக்குள் வந்து கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு கட்சிகள் சற்று மெதுவாகப் பேசின, அவ்வளவுதான். அவன் தண்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது என்று பேச்சு எழுந்து, பங்குனிக் கூட்டத்தில் அதை உறுதி செய்ய இருந்தார்கள்.

நான் உன் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

தூக்குகிறவர்களில் வயதிலும் பலத்திலும் பெரியவர்கள் முன்தண்டில் நிற்பது மரியாதை. ஆகவே நம் ஊரின் நான்கு பெரிய மார்புகள் முன்னால். மெலிந்தவர்கள் நால்வர் பின்னால். இந்த ஏற்பாட்டில் யாரும் குற்றம் கண்டதில்லை. நீ கண்டாய். முன்வரிசைத் தோளுக்கும் பின்வரிசைத் தோளுக்கும் இடையே பன்னிரண்டு அடி. நட்டநடுவில் பெருமாள்; பல்லக்கோடு சேர்த்துப் பதினாறு மணங்கு. அதை இரு வரிசையும் எட்டு எட்டாகப் பங்கிட்டுக்கொள்ளும். பிறகு நீ எழுதியிருந்தாய்: "முன்வரிசையிலிருந்து ஒன்பதாவது அடியில் ஒரு பொருள், எடை எட்டு மணங்கு."

அந்தப் பொருள் யார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நம் பட்டாசாரியார், பெருமாளுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர். அவருடைய எடை உனக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆண்டாள் கேட்டாள். ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் நிறுக்கும் மேடைமேல் அவரை நிறுத்தி, செங்கல்பட்டு வண்டியைப் பற்றி நீ கால் மணி நேரம் சந்தேகம் கேட்ட கதையைச் சொன்னேன். மூன்று நாள் சிரித்தாள்.

கூட்டத்தில் நான் நீ சொல்வதுபோலவே சொன்னேன். பல்லக்கு அசையாமல் நிற்க இரண்டு காரியம் நடக்க வேண்டும். கீழே அழுத்துகிற பாரம் முழுவதையும் தோள்கள் மேலே தாங்க வேண்டும், அது ஒன்று. எந்த இடத்தை அச்சாக வைத்துப் பார்த்தாலும், ஒரு பக்கம் திருப்புகிற வலிமையும் மறுபக்கம் திருப்புகிற வலிமையும் சமமாக வேண்டும், அது மற்றொன்று. பாரத்தைத் தூரத்தால் பெருக்கினால் அந்த வலிமை. நீ 'மொமென்ட்' என்பாய். முன்வரிசைத் தோளை அச்சாகக் கொண்டால், பெருமாள் ஆறாவது அடியில், அந்தப் பொருள் ஒன்பதாவது அடியில். பெருக்கிக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் பின்வரிசைக்குப் பதினான்கு மணங்கு. முன்வரிசைக்குப் பத்து.

பட்டாசாரியார் கேட்டார்: "அந்த ஒன்பதாவது அடியிலே இருக்கிற பொருள் எதுன்னு சொல்றேளா?"

"பௌதிக சாஸ்திரத்தில் பொருளுக்குப் பெயர் கிடையாது, சுவாமி" என்றேன்.

"சாஸ்திரம்னா சரி" என்று அவர் சாய்ந்துகொண்டார். தர்மகர்த்தா கூரையைப் பார்த்தார்.

முன்தண்டுக்குத் தலைவன் கன்னியப்பன் ஒப்பவில்லை. பெருக்கல் கணக்கில் பாரம் ஏறுமா என்றான். நான் ஒரு மூங்கிலும் ஓர் அண்டா நிறையத் தண்ணீரும் கேட்டேன். மூங்கிலின் ஒரு முனை கன்னியப்பன் தோளில், மறுமுனை என் தோளில். என் உடம்பு உனக்குத் தெரியும். காற்றடித்தால் ஆண்டாள் கதவைச் சாத்துவாள். அண்டாவைக் கன்னியப்பன் பக்கமாகத் தள்ளிக் கட்டச் சொன்னேன். தூக்கினோம். நான் நின்றேன். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"சாமி, என்னமோ வித்தை பண்றீங்க. இடம் மாத்துங்க" என்றான்.

மாற்றினோம். நான் அண்டாவோடு உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரில் பாதி காது கேட்காதவர் மேல். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த மூங்கிலை எடுக்காமலே திரும்பி, தூணோரம் நின்ற முனுசாமியைப் பார்த்தான்.

"ஏம்பா, பின்னாடி இவ்ளோ ஏறுதா? ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"ஏறிக்கினுதான் இருக்குதுண்ணா. பெருமாள் பாரம்னு நினைச்சிக்கினு இருந்தேன்."

அதற்குப் பிறகு வெங்காயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பொருளை இறக்கிவிடலாமே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கும் நீ வழி எழுதி வைத்திருந்தாய்: தண்டைப் பின்னால் இரண்டு அடி நீட்டிப் பின்வரிசையைப் பதினான்காவது அடியில் நிறுத்தினால், இரு வரிசைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. யாரையும் எழுப்ப வேண்டாம், யார் எடையையும் சொல்ல வேண்டாம். இவ்வளவு மரியாதையான கணக்கை நான் கண்டதில்லை.

ஒரே ஒரு பிழை விட்டிருக்கிறாய். தண்டு செய்த ஆசாரி கேட்டார்: "நீட்ற மரத்துக்கும் எடை இருக்குதே, அது யாருக்கு?" நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? நான் நீர்மோர் கொடுத்து அனுப்பினேன்.

இந்த வைகாசியில் முனுசாமி தன் இடத்தில், இரண்டு அடி பின்னால், நின்றான். தெற்கு வீதியில் பல்லக்கை நிறுத்தியபோது கன்னியப்பன் முன்னாலிருந்து கழுத்தைத் திருப்பி, "எப்பிடிபா இருக்குது?" என்றான். "உன்னுது எப்பிடி இருக்குதோ, அப்பிடித்தான்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. முன்வரிசை நால்வரும் இந்த வருஷம்தான் பெருமாளின் சாந்நித்தியம் அதிகம் என்கிறார்கள். மாலை விழவில்லை. அதைப் பார்க்க வேண்டிய கண்கள் இரண்டு குறைந்திருந்தன.

நீ இருக்குமிடத்தில் உற்சவம் உண்டா? உண்டென்றால் அங்கே யாருக்கும் எடை இராது. உனக்குப் பொழுது எப்படிப் போகிறது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பக்கத்தை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்து, பல்லக்கை நேராக வரைந்து, கோயில் பெட்டியில் வைப்பேன். பொருளின் பெயரை எழுத மாட்டேன். நம் பட்டாசாரியாருக்குப் பின் அவர் மகன் உட்காருவான். ஆளைப் பார்த்தால் ஒன்பது மணங்கு வருவான் போலிருக்கிறது. அப்போதும் யாராவது பெருக்கிப் பார்க்கட்டும்.

நீண்ட தண்டு கிழக்கு மூலையில் திரும்பவில்லை. முனிசிபல் விளக்குக் கம்பம் இடித்தது. கம்பத்தைப் பெயர்த்து, நீ குடியிருந்த வீட்டு வாசலில் நட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை ஆண்டாளின் கணவன்,
கிருஷ்ணமாசாரி