துண்டு உட்கார்ந்திருந்த நாற்காலி

அப்பாவின் துண்டு என் மடியில் இருக்கிறது. மத்தியானம் துவைத்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டுக் காயவைத்தேன். நாளைக்குப் போட்டுக்கொள்ள மடித்து வைக்கச் சொன்னார். மடிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்த்தேன். எவ்வளவு கசக்கியும் மூக்குப்பொடி வாசனை போகவில்லை. அந்த வாசனையோடு, நீ பள்ளிக்கூட ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்படியே கண்முன்னால் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த நேரத்தில் விளக்கேற்றி உட்காரும் துணிச்சல் எனக்கு ஏது?

அடுக்களையில் நெல் குதிருக்குப் பின்னால் இருக்கிறேன். சிம்னி விளக்கின் திரியை நன்றாக இறக்கி வைத்திருக்கிறேன். கூடத்தில் அப்பா படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் பென்சிலை நிறுத்திவிடுகிறேன். நீ போய் ஐம்பது நாள் ஆகிவிட்டது. உனக்கு எழுதினால் எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்ல முடியும்? அன்றைக்கு நடந்ததை வெளியில் சொல்லக்கூடியவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்தி.

நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு ஆபீசர் நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். உன் அப்பா கொடுத்த மனுவை விசாரிக்கத்தான். ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு எங்கே வெட்டுவது என்று பஞ்சாயத்தில் முடிவு செய்தார்களே, அந்த நேரத்தில் என் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்பாராம். என்னையும் கூப்பிட்டுக் கேட்பாராம்.

தை மாதம் அது. உனக்கு ஞாபகம் இருக்கும். பஞ்சாயத்துக்குத் தனிக் கட்டடம் இல்லாததால் கூட்டம் எப்போதும் ஆறாம் வகுப்பில்தான் நடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாம் இருவரும் பெஞ்சுகளை ஓரத்துக்குத் தள்ளி மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டோம். நான் வீட்டுக்கு ஓடித் தூக்கில் காபி கொண்டுவந்தேன். உள்ளே நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது நீ வெளியே, வராந்தா பக்கத்து ஜன்னலில் நின்றாய். கூட்டம் முடிந்து இருவரும் சேர்ந்து போகலாம் என்று காத்திருந்தாய்.

அரசாங்கம் ஊருக்கு ஒரே ஒரு கிணறுதான் கொடுத்திருந்தது. உங்கள் தெற்குத் தெருவில் வெட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வெயில் காலத்தில் அங்கே ஊருணித் தண்ணீர் பச்சையாகிவிடும், வேறு வழி கிடையாது. கீழக்காட்டில் வெட்டலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். அங்கே எங்கள் கடலைக் காட்டின் வரப்பை ஒட்டி அப்பாவே இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஊருக்குத் தண்ணீர் ஆகும், எங்கள் கடலைக்கும் ஆகும். அப்பாவும் ஒரு மெம்பர்.

தலைவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அடுத்தது கெணறு. இதுல ஒங்க காடு சம்பந்தப்படுதுங்க. சட்டப்படி நீங்க உள்ள இருக்கக் கூடாது."

"அதுக்கென்ன, நான் வெளிய போறேன். நாளப் பின்ன ஒருத்தன் ஒரு சொல் சொல்லிறக் கூடாது பாருங்க" என்று அப்பா உடனே எழுந்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. நிஜமாகவே பெருமையாக இருந்தது. எழுந்தவர் தோளில் இருந்த துண்டை எடுத்து, ஆலங்குடி பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுவதுபோல நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார்.

நீ ஜன்னலிலிருந்து இரண்டு விரலை மடக்கி மடக்கி என்னைக் கூப்பிட்டாய். சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாய். "துண்டு. எடுத்துட்டு வாடி." எனக்குப் புரிந்தது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டின் மேல் கை வைத்தேன். தலைவர் பார்த்துவிட்டார்.

"அது கெடக்கட்டும் பாப்பா. அப்பா திரும்ப வருவாங்கள்ல, எடம் தெரியட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்பா வெளியே போனார்தான். ஆனால் வேப்பமரத்துப் பக்கம் சுற்றிவந்து அடுத்த ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டை உள்ளே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. தெற்குத் தெருவுக்கு யார் யார் என்று தலைவர் கேட்டபோது இரண்டு கைகள் உயர்ந்தன. மூன்றாவதாக, இன்னொரு மெம்பரான டீக்கடைக்காரரின் கை பாதி உயரம் வந்தது. அப்பா இருமினார். டீக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியில் கிடந்த துண்டைப் பார்த்தார். அந்தக் கை அப்படியே தலைக்குப் போய், சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. கீழக்காட்டுக்கு யார் என்று கேட்டபோது அதே கை முதல் ஆளாக உயர்ந்தது. நாலுக்கு ரெண்டு என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா உள்ளே வந்து, ஒன்றும் தெரியாதவர்போல "முடிஞ்சுதா?" என்று கேட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் நீ சும்மா வரவில்லை.

"ஒங்க பஞ்சாயத்துல துண்டுக்கும் ஒரு ஓட்டு உண்டாக்கும்?"

"எங்க அப்பா எந்திரிச்சுப் போனாங்களா இல்லையா?"

"போனாங்க, போனாங்க. ஜன்னல் வரைக்கும் போனாங்க."

நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து, "கோவம் ஒனக்கா, துண்டுக்கா?" என்று கேட்டாய். சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் நேராகப் பேசவே இல்லை. பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாசியில் கிணறு வெட்டி முடித்தார்கள். தண்ணீர் கற்கண்டுபோல இருந்தது. பங்குனி பிறந்ததும் ஒருநாள் முந்திரிப் பழம் தின்று தொண்டை கரகரக்கிறது என்று எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தாய். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "இனிக்குதுடி. பின்ன, துண்டு எறங்கி வெட்டுன கெணறாச்சே" என்றாய். அம்மாவுக்குக் காது கேட்டுவிடுமோ என்று நான் பயந்தேன். நீ பயப்படவில்லை. நீ எதற்குத்தான் பயந்தாய்?

உங்கள் தெருவிலிருந்து கீழக்காட்டுக்குப் போய்வர ஒரு மணி நேரம் ஆகும். காலையில் ஒரு குடம் கொண்டுவருவாய். அது உன் தம்பிகளுக்கே சரியாகிவிடும். மற்றதற்கெல்லாம் ஊருணிதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் அந்த ஒரு குடமும் கிடையாது. இதையெல்லாம் நீ குறையாகச் சொன்னதே இல்லை. "நடந்தா காலு கெட்டிப்படும்" என்று சொல்வாய்.

பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை நீ வகுப்புக்கு வரவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றார்கள். "அங்கிட்டுப் போகாத" என்று அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். புதன்கிழமை நீ இல்லை. மறுநாள் சுகாதார ஆட்கள் வந்து ஊருணியில் வெள்ளைப் பொடி போட்டார்கள். அந்தக் காரவாடை எங்கள் தெருவரைக்கும் வந்தது. தண்ணீரால்தான் இப்படி ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நான் மட்டும் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குடத்தில் செம்பை முக்கும்போதெல்லாம் உன் ஒரு குடத்தை நினைத்துக்கொள்கிறேன். குடிக்காமலும் இருக்க முடியவில்லை.

உன் அப்பா போன வாரம் எங்கள் வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, நான் ஒங்க மேல எழுதலைங்க. அன்னைக்கு நடந்தத எழுதிருக்கேன். ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"நான் எந்திரிச்சு வெளிய போனேனா இல்லையாப்பா?" என்று அப்பா கேட்டார். உன்னிடம் நான் கேட்ட அதே கேள்வி. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"போனீங்கண்ணே" என்றார் உன் அப்பா. படி இறங்கிப் போய்விட்டார். இளைத்துவிட்டார்.

நீ அவரிடம் ஜன்னல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. மனுவில் "என் மகள் பார்த்தாள்" என்று எழுதியிருக்கிறதாம். தலைவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லிச் சிரித்தார். "செத்துப்போன புள்ளையச் சாட்சிக்குக் கூப்புட முடியுமா? அன்னைக்குக் காபி ஊத்துன புள்ள இருக்குல்ல, அதக் கேக்கச் சொல்லுவோம். சின்னப்புள்ள பொய் சொல்லாதுன்னு ஆபீசரு நம்புவாரு."

அவர் போனபிறகு அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஆத்தா, கேட்டாங்கன்னா, அப்பா வீட்டுக்குச் சாப்புடப் போயிட்டாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அன்னைக்கு நீங்க சாப்புட வரலையேப்பா."

"வந்ததா நெனச்சுக்க." அந்த மூச்சிலேயே, "ஆலங்குடி ஹைஸ்கூல்ல பேசிட்டேன். ஆனி பொறந்தா ஒனக்கு தெனம் பஸ்ஸுதான்" என்றார்.

இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார். நாம் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போவதாகப் பேசிவைத்திருந்த பஸ். நாளைக்கு நான் மாற்றிச் சொன்னால் அந்த பஸ் கிடையாது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்டது. அம்மாவிடம் போய் நின்றேன். "அப்பா சொல்றதச் சொல்லிட்டு வா. ஒனக்கெதுக்கு ஊரு வம்பு?" என்று அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று முழுவதும் நினைத்துப் பார்த்தேன். அப்பா வீட்டுக்கு வருகிறார், கால் கழுவுகிறார், அம்மா இலை போடுகிறாள், அப்பா ரசம் கேட்கிறார். எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் இருமல் பள்ளிக்கூட ஜன்னலில் கேட்கிறது.

பிறகு ஒரு வழி தோன்றியது. "நான் அவங்க மக. எங்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம். சொந்தக்காரர் விஷயத்தில் உள்ளே இருக்கக் கூடாது என்றுதானே சட்டம்? பொய்யும் இல்லை, அப்பாவுக்கு எதிராகவும் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு லேசாக வந்தது. மடியில் இருந்த துண்டை அப்போதுதான் மடிக்க எடுத்தேன். அப்பாவும் இப்படித்தானே எழுந்து போனார்? நான் எழுந்து போனால் ஆபீசர் எனக்காகப் போட்ட நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? காபி ஊற்றிய பிள்ளையே ஒன்றும் சொல்லவில்லை என்று தலைவர் எழுதிக்கொள்வார். நீ ஜன்னலில் நின்று சிரிப்பாய். இல்லை, நீ சிரிக்கமாட்டாய்.

அப்பா கெட்டவர் இல்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருமுறை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவரும் அவர்தான். எழுந்து போனால் போதும் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அவர் முகம் எப்படி மாறுமோ.

காலையில் அவர் முன்னாலேயே போய்விடுவார். காபித் தூக்கையும் இந்தத் துண்டையும் என்னைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கொண்டுபோவேன். நாற்காலியில் வைக்கமாட்டேன். எல்லார் முன்னாலும் அவர் கையில் கொடுப்பேன். "அன்னைக்கு நீங்க ஜன்னல்கிட்ட நின்னப்பவே குடுத்திருக்கணும்ப்பா." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்க்குள்ளேயே பத்துத் தடவைக்கு மேல் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜன்னல் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் போய்விடுகிறது. அந்த இடத்தில் உன் வாயசைவை நினைத்துக்கொண்டால் மிச்சம் வருகிறது.

அப்பா மறுபடி இருமுகிறார். புரண்டு படுக்கும் சத்தமும் கேட்கிறது. விளக்கை அணைக்க வேண்டும். துண்டை மடித்துவிட்டேன். நாளைக்கு அந்த ஜன்னலில் யாரும் நிற்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் உன் இரண்டு விரல்கள் அங்கே மடங்கி மடங்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன.

எடுத்துட்டு வாரேன்டி.