துள்ளக்கூடாத கோல்

தொண்டை கட்டிப்போனாலும் கத்துவதை நிறுத்தாத என் அத்தைக்கு,

"இன்னிக்கு எத்தன பீஸ்?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே எங்கள் இறுதி ஆட்டம் வந்துவிட்டது. அந்தக் கதையை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு ருசிக்கும்.

அதற்கு முன் உங்கள் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். பொந்தியானில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள், உங்கள் மகன், அப்புறம் சிகாமட்டிலிருந்து உங்கள் மூத்த ஓரகத்தி, எங்கள் பெரியத்தை. "பொண்ணு என்ன வேல பாக்குது?" என்று பெரியத்தை கேட்டார். "பந்து ஆடுறேன்," என்றேன்.

"அது சரிம்மா. வேல என்னா?"

என் அம்மா சமையலறைக்குள் நுழைந்துகொண்டார். நான் விளக்கினேன். பள்ளியில் ஆரம்பித்தது, மாநிலக் கால்பந்து அணி, இப்போது கிளப், வருடா வருடம் ஒப்பந்தம், மாதச் சம்பளம், கோல் அடிப்பதுதான் என் பொறுப்பு. பெரியத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர் அல்லவா, முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "ஓவர்டைம் உண்டா?" என்று கேட்டீர்கள்.

"சில நாள் உண்டு அத்த. அர மணி நேரம்."

"அப்பறம் என்ன, வேலதான்," என்று பெரியத்தையைப் பார்த்துச் சொன்னீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே உங்களைப் பிடித்துப்போனது. உங்கள் மகனைப் பிடித்தது அதற்கு அப்புறம்தான், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணம் ஆகி ஸ்கூடாயில் உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஜோகூர் மாநிலத்தில் நடந்த என் எந்த ஆட்டத்தையும் நீங்கள் விட்டதில்லை. கோல் என்ற வார்த்தையே உங்கள் வாயில் வராது, எல்லாம் பீஸ்தான். கொடி பிடிக்கும் பெண் உங்களுக்குக் 'கியூசி', பீஸைச் சோதித்துத் தள்ளுகிறவள். ஒருமுறை நான் அடித்த கோலுக்கு ஆஃப்சைட் கொடி உயர்ந்தது. "ஏன் ரிஜெக்ட் பண்ற? பீஸ் நல்லாத்தான இருக்கு!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில், தமிழே தெரியாத அந்தப் பெண் திரும்பிப் பார்த்து உங்களுக்குக் கை காட்டியது. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. மைதானத்தில் நான் எந்த மூலையில் நின்றாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்து நான் வீட்டில் கிடந்த நாட்களில், இனி பந்தே வேண்டாம் என்று சொல்லி அழுதேன். "மெஷின் ரிப்பேர் ஆனா லைன மூடிருவாங்களா? சரி பண்ணி ஓட்டுவாங்க. எந்திரி," என்றீர்கள். எழுந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன், கடைசிப் பத்து நிமிடம் ஆடினேன், பிறகு மறுபடியும் முதல் பதினொன்றில் இடம் பிடித்தேன். பந்து எப்படி அடிப்பது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அது என் வேலை என்பதில் உங்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. எனக்கே அது பலமுறை வந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் நெஞ்சு வலி என்றீர்கள், மாலைக்குள் போய்விட்டீர்கள். அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் அணி மொத்தமும் வீட்டுக்கு வந்தது, அதை மட்டும் சொல்லவேண்டும். தலையில் தூடோங் துணி சுற்றிய மலாய்ப் பிள்ளைகளும் சீனத்துக் கோல்கீப்பரும் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினார்கள். கோச் ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபைனலுக்கு வரமுடியலன்னா தக் அப்பா லா, பரவால்ல லோகா. யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க," என்று எனக்குப் புரியும்படி மூன்று மொழியையும் கலந்து சொன்னார்.

வரமுடியாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இரவில் படுத்தால் கால் மட்டும் தானாக அசைந்தது. போகவேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதே உங்களுக்குச் செய்யும் துரோகமோ என்றும் பயமாக இருந்தது. யாரிடம் கேட்பது? இந்த மாதிரிக் கேள்விகளை நான் கேட்டுப் பழகியது உங்களிடம்தானே?

மாமா என்றோ போய்விட்டார், இப்போது நீங்களும் இல்லை. குடும்பத்தில் மூத்தவர் பெரியத்தைதான். காரியம் முடியும்வரை நம் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஆட்டத்துக்குப் போகட்டுமா என்று நான் அவரிடம் கேட்டதும் கூடத்தில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள்.

"அலமாக்! பதினாறு முடியாம மருமக வாசலத் தாண்டுறதா? அதுவும் கால்சட்டையப் போட்டுக்கிட்டு, பந்து ஒதைக்கவா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் மகன்தான் வாய் திறந்தார். உங்கள் மகன் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"பெரியம்மா, லீவு முடிஞ்சிருச்சு, நான் நாளைக்கு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன். என்ன யாராச்சும் தடுத்தீங்களா? எனக்குத்தான அம்மா போனாங்க?"

"நீ வேலைக்குப் போறடா."

"அவளுந்தான்."

பெரியத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "வேலன்னா போயிட்டு வா. வேலைய மட்டும் பாரு. ஆனா ஒண்ணு. கோலு கீலு அடிச்சின்னா துள்ளக்கூடாது, சிரிக்கக்கூடாது. மாமியா செத்ததும் மருமக குதிக்கிறான்னு நாலு பேரு பேசினா அது அவளுக்குத்தான் அசிங்கம். நான் கூட வந்து பாப்பேன்," என்றார். நான் தலையாட்டினேன். உங்களுக்கு ஒரு சொல் வரக்கூடாது, எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

சொன்னபடியே வந்தார். வெளிர் நிறச் சேலை, கையில் குடை, நடு வரிசையில் நம் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். எல்லோர் முகமும் துக்கம் விசாரிக்க வந்த முகம். சுற்றிலும் மற்றவர்கள் கொட்டடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் களத்தில் நின்றபடியே சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதல் பாதி முழுக்க மழை. கால் கனத்தது. காலியாக இருந்த கோலுக்கு மேலே ஒன்றைத் தூக்கி அடித்தேன். எதிரணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளை ஒருத்தி சமன் செய்தாள். நான் கையை விரித்துக்கொண்டு அவளிடம் ஓடி, பாதியில் நினைவு வந்து, அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தவள்போல் அப்படியே திரும்பி நடந்தேன்.

ஆட்டம் முடியப்போகிறது. வலப் பக்கத்திலிருந்து பந்து தாழ்வாக வந்தது. எனக்கு முன்னால் இருந்தவள் வழுக்கிவிட்டாள். நான் யோசிக்கவில்லை அத்தை, கால் யோசித்தது. வலை அசைந்ததும் முதலில் கொடியைப் பார்த்தேன். கொடி கீழேதான் இருந்தது.

ஒரு பீஸ், அத்தை. ஒரே ஒரு பீஸ். ரிஜெக்ட் இல்லை.

நான் துள்ளவில்லை. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். ஓடி வந்தவர்கள் பக்கத்தில் வந்ததும் நின்று, சத்தம் போடாமல் என் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். என்ன ஆயிற்று என்று புரியாமல் கொட்டடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் குரல் வரவேண்டிய நேரம் அது. வரவில்லை. நீங்கள் இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அப்போது நடு வரிசையில் ஒரு குடை எழுந்தது.

"ஏய் லோகா! என்னடி மரமாட்டம் நிக்கிற?" பெரியத்தை நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். "துள்ளுடி! கத்துடி! அவளுக்குக் கேக்க வேணாமா?"

துள்ளினேன். எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் என்மேல் விழுந்தார்கள். சேற்றில் அடியில் கிடந்துகொண்டு அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், துக்க முகத்தோடு வந்த நம் ஆட்கள் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. பெரியத்தை குடையால் முன்வரிசை ஆளின் முதுகில் தட்டி, "எங்க வீட்டு மருமக!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டுக்கு ஒன்று. கோப்பை எங்களுக்கு. கிளப் அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. இந்த வயதில், இந்த முழங்காலோடு! யோசிக்கக்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் பெரியத்தை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார். உங்கள் சாவன்றுகூட அவர் அழவில்லை, அதை எல்லோரும் கவனித்தார்கள். "கல்யாணமாகி வந்த நாளா அவகூட சண்டதான்," என்றார். "கொழம்புக்குச் சண்ட, சேலைக்குச் சண்ட, ஒன்னப் பொண்ணு எடுத்ததுக்கும் சண்ட. எதுலயாச்சும் விட்டுக்குடுத்தாளா பாரு. இனிமே நான் யாருகூடடி சண்ட போடுவேன்?"

அதற்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன் அத்தை. ஆட்டம் இல்லாத வாரங்களில் சிகாமட்டுக்குப் போவேன். அவர் வைக்கும் குழம்பில் உப்பு அதிகம் என்பேன். அவர் சொல்வது எதையும் லேசில் ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் பங்குச் சண்டையை நானே போடுகிறேன், ஒன்றில்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டு மருமகள்,
லோகேஸ்வரி