எட்டு மணிப் பால்

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என்னைவிட ஆறு வயது இளையவனைக் கல்லூரியில் துறைத்தலைவர் ஆக்கினார்கள், பேசவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மைத்துனன் மட்டம் தட்டுகிறான், பேசவில்லை. ஆனால் இது என் மகளின் பல். என் நாற்பத்தாறாவது வயதில் பிறந்தவள். சுண்டுவுக்கு இருபது மாதம்தான் ஆகிறது. மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு கிழித்ததுபோல் வெள்ளை. என் கையால் அவளுக்கு ஒரு துளி சர்க்கரை போனதில்லை. பகலெல்லாம் இருப்பது காப்பகத்தில். அங்கேதான் பாலில் போடுகிறார்கள். வேறென்ன?

மார்ச் 4

காப்பக அக்காவிடம் வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

"சர்க்கரையா? எதுலயும் போடுறதில்ல சார். உங்க பாப்பா இங்க டம்ளர்லதான் குடிக்குது, பெரிய மனுஷி மாதிரி."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்! நாலு அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லது.

மார்ச் 5

டம்ளராம். வீட்டில் டம்ளரைக் கண்டாலே தட்டிவிடுகிறவள்.

மார்ச் 7, சனி

மைத்துனன் வந்தான். "என்ன மாமா, கெமிஸ்ட்ரி வாத்தியார் வீட்டுலயே பல்லு கரையுதா?" மனைவி சிரித்தாள். இதையும் மறக்கமாட்டேன்.

காப்பகத்தின் பெற்றோர் பலகையில் ஒட்ட ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் ஆகிவிட்டது. சூடாகவே வந்திருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டர். சின்ன வயதுப் பெண். சுண்டு அவர் விரலைக் கடித்தாள். "கடிக்கிற வேகம் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு, "தூங்கப்போறப்ப என்ன குடிக்கிறா?" என்றார்.

"ஏழரைக்கு நானே பல்லு தேய்ச்சு விட்டுருவேன். அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்பா?"

சொன்னேன். எட்டு மணிக்கு, மனைவி குளிக்கப் போனதும், நான் ஒரு புட்டி தருவேன். சர்க்கரை போடாத வெறும் பால். வாயில் புட்டியோடு தூங்கிவிடுவாள்.

"தேய்ச்சதுக்கு அப்புறமா? தினமுமா?" – மனைவி.

"பால்லயே சர்க்கரை இருக்கு சார். தூங்குறப்ப எச்சில் குறைஞ்சிரும். பால் பல்லு மேலயே தேங்கி நிக்கும். கிருமி அதை ஆசிட் ஆக்கிரும்."

அமிலம். கால்சியம். இருபத்திரண்டு வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போடுவது!

"இன்னும் குழி விழல. இப்பவே நிறுத்தினா இதோட நிக்க வாய்ப்பிருக்கு. பாலை டம்ளர்ல குடுங்க. அப்புறம் ஒரு அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வச்சுத் தேய்ங்க. அதுக்கப்புறம் தண்ணி மட்டும்தான்."

வரும் வழியில் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க மறைச்சீங்க?"

மார்ச் 11

ஏன் மறைத்தேன்? காலையில் நான் கிளம்பும்போது சுண்டு தூக்கத்தில் இருப்பாள். மாலையில் அம்மா இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். நான் தூக்கினால் அலறல். புட்டி இருந்தால்தான் என் மடி. ஒரு கையில் புட்டி, மறு கையில் என் காது – நாள் முழுவதிலும் என்னை ஒரு உயிர் தேடுவது அந்தக் கால்மணி நேரம்தான். அதையும் விடு என்றால்?

மார்ச் 12

டம்ளரைத் தட்டிவிட்டாள். சட்டையெல்லாம் பால். முக்கால் மணி நேரம் புட்டி கேட்டு அழுகை. என் முகத்தில் அடித்தாள்.

மார்ச் 13

அதேதான்.

மார்ச் 16, திங்கள்

வேறு வழியில்லை. காப்பக அக்காவிடமே போய்க் கேட்டேன், எப்படிக் குடிக்கவைக்கிறீர்கள் என்று.

"ரெண்டு வாய் அளவு மட்டும் ஊத்துங்க சார். நீங்களும் ஒரு டம்ளர் வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்து குடிங்க. பார்த்துக்கிட்டே குடிச்சிரும்."

அன்று நான் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் உறுத்துகிறது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

மார்ச் 19

ஏழு மணிக்கு இருவரும் டம்ளரோடு எதிரெதிரே உட்கார்ந்தோம். குடித்தாள்! பால் மீசையோடு என் டம்ளரையும் எட்டிப் பார்த்தாள். பிறகு நானே தேய்த்துவிட்டேன். எட்டு மணிக்குப் புட்டி இல்லாமல் மடியில் படுத்தாள். சிணுங்கினாள். கை இரண்டும் சும்மா இருந்தன – என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மார்ச் 20

பழைய கடிதத்தைக் கிழித்தேன். புதியது சிறியது: "காப்பகத்தில் பாலுக்குச் சர்க்கரை போடுகிறார்கள் என்று இம்மாதம் நான்காம் தேதி வாசலில் சொல்லப்பட்டது தவறு. பல் தேய்த்த பிறகு அந்தக் குழந்தைக்குப் படுக்கையில் புட்டிப்பால் கொடுத்தது அதன் அப்பா." கீழே டாக்டர் சொன்னவை.

மனைவி படித்தாள். "பேர் போடலையா?"

"போட்டா உன் தம்பி வருஷம் பூரா சொல்லிக்காட்டுவான்."

"அன்னைக்கு நாலு பேரு நின்னாங்களே. யாருன்னு தெரியாதா?"

தெரியட்டும். நாளைக் காலையில் பெயரில்லாமல்தான் ஒட்டப்போகிறேன்.