நீ பூட்டிய வயரை நான் கழற்றவில்லை

என் அன்பு மச்சான் சீலனுக்கு,

பட்டறைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. வதனிதான் தந்தாள். "நீங்களே பாருங்கோ அண்ணை, எனக்கு அதுக்குள்ள போக ஏலாது" என்றாள். உன் மனைவியாவதற்கு முதல் அவள் என் தங்கச்சி என்று எத்தனை தரம் உனக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்? என்னைக் கேட்காமல் நீங்கள் இருவரும் பதிவுக் கலியாணம் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு எதையும் மறக்கத் தெரியாது.

கிளிநொச்சியில் மழை விட்டுவிட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நல்லம். எதிரேயுள்ள அரிசி மில் பழையபடி நாள் முழுக்க ஓடுகிறது. நீ இல்லாததால் எதுவும் நிற்கவில்லை. அதிலும் எனக்குக் கோபம்.

கொழும்பில் மூடிய தொழிற்சாலையொன்றிலிருந்து நாங்கள் லொறியில் ஏற்றிவந்த அந்தப் பழைய மில்லிங் மெசினைப் பற்றித்தான் எழுத வேண்டும். இரும்பு உடம்பு நல்லாக இருந்தது. மோட்டர்களும் அவற்றை ஆட்டும் டிரைவ் பெட்டிகளும் செத்துப்போயிருந்தன. புதிய சேர்வோ மோட்டர்கள் வாங்கினோம். கொம்பியூட்டர் அவற்றை எப்படி ஆளவேண்டும் என்பதில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம்.

கொம்பியூட்டர் வோல்ட்டேஜ் மூலம் வேகத்தை மட்டும் சொல்லட்டும், இரும்பை ஏற்றி நகரும் மேசை எங்கே நிற்கிறது என்பதை அதுவே நேரடியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன் நான். நீ பல்ஸ் முறைதான் என்றாய். ஒரு துடிப்புக்கு இவ்வளவு தூரம். எண்ணி அனுப்பினால் போதும், போய்ச் சேர்ந்ததா என்று டிரைவ் பார்த்துக்கொள்ளும். "உன்ர வோல்ட்டேஜ் எங்கட கரண்டில சும்மா இராது மச்சான். நில் எண்டா ஊரும், ஓடு எண்டா நிக்கும், அரசாங்கக் கந்தோர் ஆக்கள் மாதிரி" என்று சிரித்தாய்.

நான் கம்பஸில் படித்தவன். நீ ஜெனரேற்றர் திருத்திப் பழகியவன். ஊரோ உன்னைத்தான் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டது.

கண் ஒபரேஷனுக்காக வவுனியாவில் நான் படுத்திருந்த நாட்களில் நீ உன் முறையிலேயே எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டாய். திரும்பி வந்து பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் மேசை அழகாக ஓடியது. நீ எங்கே பிழை விடுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசுவமடு விவசாயிகள் சங்கத்துக்காகக் கச்சான் கடலை விதைக்கும் கருவியின் தகடு வெட்டிய நாள் உனக்கு நினைவிருக்கும். வட்டத் தகட்டின் ஓரத்தில் பதினாறு துளைகள். சங்கத் தலைவி அக்காவும் வேறு நாலு பேரும் பார்க்க வந்திருந்தார்கள். ஒன்பது துளை சரி. பத்தாவதிலிருந்து எல்லாம் இரண்டு மில்லிமீற்றர் விலகிப்போயிருந்தன.

நான் காத்திருந்த இடம் அதுதான். "இவர் பல்ஸை அனுப்பிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். மேசை எங்க நிக்குது எண்டே கொம்பியூட்டருக்குத் தெரியாது. படிச்சவன் சொன்னாக் கேக்கோணும்" என்றேன். பட்டறை முழுக்கக் கேட்கும்படியாக.

நீ தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும், மச்சான்" என்றாய். தலைவி அக்கா உன் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை வவுனியாப் பட்டறைக்கே கொடுக்கிறோம், குறைநினைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நீ பிழையைத் தேடினாய். நான் பட்டறைக்கு வரவேயில்லை. இருபதாம் நாள் காலை, மெசினுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபடி போய்விட்டாய். நெஞ்சு என்று சொன்னார்கள். நெஞ்சு மட்டும்தானா?

போன கிழமை உன் வயர்களைக் கழற்றி என் முறைக்கு மாற்றத்தான் பெட்டியைத் திறந்தேன். உன் பக்கம் நூல் பிடித்தது போல் இருந்தது. பின்பலகையில் மேசை டிரைவின் அலாரக் கம்பியைப் பார்த்தேன். டிரைவுக்கு ஏதும் நடந்தால் கொம்பியூட்டரை நிறுத்தச் சொல்லும் கம்பி. அது வேலை செய்யாதபடி யாரோ குறுக்கே ஒரு துண்டு வயர் போட்டிருந்தார்கள். மூட்டுகளைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றியிருந்தார்கள்.

இப்போது எந்தக் கடையிலும் வயரில் சுற்றும் ரேப் இருக்கிறது. யுத்தத்தில் சாமான் வராத காலத்தில் பழகியதை விடாமல் இன்றும் ரியூப் வெட்டிச் சுற்றுகிறவன் இந்தப் பட்டறையில் ஒருவன்தான். அதற்காக நீ என்னைப் பகிடி பண்ணாத நாளில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் பின்பலகையை நான்தான் கட்டி மோட்டர்களைச் சோதித்தேன். கரண்ட் கூடிக் குறைய அலாரம் மெசினை நிறுத்திக்கொண்டே இருந்தது. ஜெனரேற்றர் காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் செய்தேன்: நிறுத்துகிற கம்பிக்குக் குறுக்கே இன்னொரு கம்பி. பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். மறந்தேன். எதையும் மறக்காதவன் அதை மறந்தேன்.

அரிசி மில் மோட்டர் எழும்பும்போது இங்கே கரண்ட் ஒருகணம் விழும். டிரைவ் மயங்கித் தானாக எழும்பும். அந்தக் கணத்தில் போன துடிப்புகள் போனவைதான்; பத்தாவது துளையில் நடந்தது அதுதான். அலாரம் இருந்திருந்தால் கொம்பியூட்டர் நின்றிருக்கும். பெட்டியை எத்தனை தரம் திறந்திருப்பாய். படித்தவன் கட்டியது என்றுதான் பின்பலகையை நீ தொடவில்லையா? அல்லது கண்டும் பேசாமல் இருந்தாயா? யாரிடம் கேட்பேன்?

அந்தத் துண்டு வயரை எடுத்தேன். மற்ற எதையும் மாற்றாமல் புதுத் தகடொன்றை ஏற்றினேன். மில் எழும்பியதும் மெசின் நின்றது. மேசையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் ஓடவிட்டேன். பதினாறு துளையும் சரி. பார்க்க ஒருவரும் இல்லை.

நேற்று வதனிக்குச் சொன்னேன். கதிரையில் இருந்தபடி கேட்டாள். "அப்ப இவரின்ர பிழை இல்லையோ?"

இல்லை என்றேன்.

"இதை அவர் இருக்கேக்க சொல்லியிருக்கலாம், அண்ணை."

அப்போது எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாமத்தானே அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னால சொன்னனீங்கள்."

கதிரையை விட்டு எழும்பி உள்ளே போனாள்.

அதனால்தான் இதை ஊர் வாசிக்க எழுதுகிறேன், சீலன். புதன்கிழமை சங்கக் கூட்டம். அந்தப் புதுத் தகட்டோடு விசுவமடுவுக்குப் போவேன். அன்று நின்ற ஆட்களுக்கு முன்னால், அன்றைய அதே சத்தத்தில், பிழை யாருடையது என்று சொல்வேன். வேலையைத் திருப்பித் தருவார்களோ தெரியாது. வதனி வருகிறேன் என்கிறாள். நான் சொல்லி முடித்த பிறகும், அவள் போக எழும்பும்வரை உட்காராமல் நிற்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

வதனியின் அண்ணன்,
உன் மச்சான்