மிஸ்ஸா, பெரியம்மாவா?

அன்புள்ள தங்கைக்கு, அக்கா எழுதுவது.

நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். உன் மகளைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். அதனால் நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

கைக்குள்ளே போன் இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் மணி அடித்தால் போதும், சுண்டெலி எங்கிருந்தாலும் ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். (மகளுக்கு நீ வைத்த செல்லப்பேர் இப்போது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.) அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. உன் அறைத்தோழி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் படி. அங்கே முதியோர் இல்லத்தில் தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, எல்லாம் முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று தள்ளிப் போடாதே.

இப்போது எங்கள் பள்ளியில் குழந்தைகள் தூங்கும் நேரம். முழங்கால் மோவாயை இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரையை இழுத்துவிட்டு, பாய்களை விரித்து, எல்லோரையும் படுக்க வைத்தாயிற்று. ஆயாம்மா பிள்ளைகளை முந்திக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். மூலையில் ஒருவன் தூங்குவதாக நடிக்கிறான், கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. சுண்டெலி ஜன்னலோரப் பாயில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள்.

வளர்ந்துவிட்டாள். நீ வாங்கி அனுப்பிய மஞ்சள் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பித்தான் தானே போட்டுக்கொள்கிறாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவப் போடுகிறாள். எதற்கும் அடம் இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் தங்கமான பிள்ளை என்கிறார்கள். நானும் போன மாதம் வரை பெருமையாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அவளை இங்கே சேர்த்த அன்று நான் ஒரு சட்டம் போட்டது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே நான் பெரியம்மா, கேட்டுக்கு உள்ளே மிஸ். டீச்சர் தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு தாய் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அதனால் ஊஞ்சலில் அவளுக்குத்தான் கடைசி முறை. வண்ணம் பூசும்போது மிஞ்சுகிற தூரிகைதான் அவளுக்கு. காலையில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவோம். கேட் வந்ததும் அவளே கையை விடுவித்துக்கொள்வாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மைதான், தானே வளர்கிறாள். இப்போது அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருடம் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது என்று சொன்னேன் அல்லவா? சின்னக் குழந்தைகளோடு இருப்பவர்கள் மனத்தை அந்த நேரத்தில், அந்த இடத்தில் வைத்திருக்கப் பழக வேண்டுமாம். பயிற்சி கொடுக்க வந்த அம்மா அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் சொன்னார். ஆயாம்மா அதை 'மூச்சு கிளாஸ்' என்று சுருக்கிவிட்டார். 'மூச்சு வுடறதுக்கும் கிளாஸா? நான் பொறந்ததுலேர்ந்து வுட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்' என்று சிரித்தவர், கண்ணை மூடச் சொன்னதும் குறட்டையே விட்டார்.

நான் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் உன் தலையில் சீப்பை உடைத்தவள்தானே நான். கோபம் வந்தால் நெஞ்சில் கை வை, கண்ணை மூடு, மூன்று முறை மூச்சை இழுத்து விடு, பிறகு பேசு. இவ்வளவுதான் வித்தை. ஒருவன் பால் தம்ளரைத் தட்டிவிடுவான், நான் நெஞ்சில் கை வைப்பேன். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளைக் கடித்து வைப்பாள், நெஞ்சில் கை வைப்பேன். பிறகு குரலை உயர்த்தாமல், 'நீ போய் அமைதி மூலையில் உட்கார்' என்பேன். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் தலைமை ஆசிரியை மற்ற வகுப்பு டீச்சர்களைக் கூட்டி வந்து, 'சத்தமே இல்லாம எப்படி நடத்துறாங்க பாருங்க' என்று காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம். நான் அடுப்படியில் வேலையாக இருந்தேன். பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் சுண்டெலி தனியாகப் பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். துணி மாட்டுகிற கிளிப்புகளை எல்லாம் வாளி விளிம்பில் வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிளிப் தவறி வாளிக்குள் விழுந்தது. உடனே அவள் நெஞ்சில் கை வைத்தாள், கண்ணை மூடினாள், உதட்டை இறுக்கிக்கொண்டு மூச்சை இழுத்தாள். அப்படியே என்னைப் போலவே. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, மற்ற கிளிப்புகளிடம் ரகசியமாகச் சொன்னாள்: 'யாரும் அசையாதீங்க. மிஸ்ஸுக்குக் கோபம் வந்திருக்கு.'

இத்தனை மாதத்தில் அந்தப் பிள்ளையை நான் ஒரு முறைகூட அதட்டியதில்லை. அடித்ததில்லை, கிள்ளியதில்லை. விளையாட்டுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் வகுப்பில் அந்தத் தேறுதலும் தீர்ந்துபோயிற்று. எனக்கு அப்போது கோபமே இல்லை, நல்ல மனநிலையில்தான் இருந்தேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கு கழன்றுவிட்டது போலிருந்ததால், அதைத் தேடி நெஞ்சில் கை வைத்தேன். அவ்வளவுதான், அறை முழுக்க ஓய்ந்துவிட்டது. கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றான். வண்ணம் பூசிக்கொண்டிருந்தவள் பச்சை விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஒன்றுமே செய்யாதவன்கூட 'நான் இல்ல மிஸ்' என்றான். சுண்டெலி எழுந்து, தானாகவே போய் அமைதி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். யார் தப்பு என்று தெரியாதபோது அங்கே போய்விடுவது நல்லது என்று அவளே முடிவு செய்து வைத்திருக்கிறாள். நான் ஊக்கைக் குத்தக்கூட மறந்து நின்றேன்.

அந்தப் பயிற்சி அம்மா சொன்னதை அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்தேன். மூச்சு விட்டதோடு அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்ததும் முதலில் குழந்தையின் முகத்தைப் பார், அதன் உயரத்துக்குக் குனி, என்ன ஆயிற்று என்று கேள், அதற்குத்தான் இந்த மூச்சு என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். இத்தனை பிள்ளைகளுக்கு நடுவே ஒவ்வொருவர் முன்னாலும் குனிய ஏது நேரம் என்று மறு பாதியை விட்டுவிட்டேன். என் கோபத்தை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். எதிரே நின்ற பிள்ளையைப் பார்க்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் இப்போது குனிகிறேன். முட்டி வலிக்கிறது, அது போகட்டும். பால் தம்ளரைத் தட்டிவிடுகிறவன் ஏன் தட்டிவிடுகிறான் என்று கேட்டேன். பாலில் ஆடை இருந்தால் அவனுக்குக் குமட்டுகிறதாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வேலையை எல்லாம் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கிளிப்பு விளையாட்டில் என்னையும் சேர்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, 'இப்ப நீ மிஸ்ஸா, பெரியம்மாவா?' என்று கேட்டாள். பெரியம்மாதான் என்றேன். 'நெஜமா?' என்றாள். நிஜமாக என்றேன். 'அப்ப நான் அம்மாகிட்ட போன்ல அழலாமா?' என்று கேட்டாள். அழேன், யார் வேண்டாம் என்றது என்றேன். 'நீதான். கை வச்சியே' என்றாள்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. உனக்கும் நினைவிருக்கும். நீ போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் போனில் அவள் 'அம்மா, வா' என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் நீ உடைந்துபோவாயே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதை அடக்கிக்கொள்ளத்தான் நெஞ்சில் கை வைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடனே, 'நான் நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா' என்று மாற்றிக்கொண்டாள். நீ அன்று மனம் நிறைந்து, 'உன் கையில விட்டுட்டு வந்தது என் அதிர்ஷ்டம் அக்கா' என்றாய். அதற்குப் பிறகு நீ எத்தனை முறை கூப்பிட்டாலும் அவள் அதே பாட்டைத்தான் பாடுகிறாள். அவளுக்குப் பின்னால் நின்று, அழக்கூடாது என்று நானும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி இல்லத்தில் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். பிள்ளை சந்தோஷமாகத்தானே இருக்கிறாள், அதனால் சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றாய். அந்தச் சந்தோஷத்தை நம்பிச் சொல்லாதே. அது அவளுடையது இல்லை, என்னைப் பார்த்துப் பயந்து அவள் சொன்னது. அவளுடைய அப்பா போன பிறகு உன் ஒருத்தி தலையில் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாதா? வா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, இரு என்று சொல்ல இப்போது தைரியமும் இல்லை. அடுத்த முறை நீ கூப்பிடும்போது போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தெருமுனை வரை போய்விடுகிறேன். நீயே கேள். அவள் அழுதால் அழவிடு, நீயும் அழு. அவள் என்ன சொல்கிறாளோ அதைக் கேட்டு முடிவு பண்ணு.

என்னை மட்டும் கேட்காதே. இரண்டு வருடம் என்ன, இருபது வருடம் வைத்துக்கொள்ளச் சொன்னாலும் எனக்குக் கசக்காது. கேட்டுக்கு வெளியே வந்ததும் என் கையைத் தேடி ஒரு சின்னக் கை வருமே, அது இல்லாமல் வீடு வரை எப்படி நடப்பது என்று இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், என் பேச்சை நம்பாதே.

இவ்வளவு எழுதிவிட்டு நிமிர்ந்தால், சுண்டெலி இந்தப் பக்கம் திரும்பிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாளோ தெரியவில்லை. நான் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை நெஞ்சில் இருந்தது.

கையை எடுத்துவிட்டு அவள் பாயருகே போய் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே, உதட்டை மட்டும் அசைத்து, மிஸ்ஸா என்று கேட்டாள். இல்லை, பெரியம்மா என்றேன். கேட்டுக்கு உள்ளே நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் முறை. அம்மாவுக்கு எழுதுகிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 'நான் நல்லா இருக்கேன்னு எழுதிட்டியா?' என்றாள். இன்னும் எழுதவில்லை என்றேன். 'எழுதிடு பெரியம்மா. இல்லன்னா அம்மா அழும்' என்றாள்.

எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அவள் நல்லா இருக்கிறாளாம். நீ எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் கண்ணே. ஒரு முறை வந்து, நீயே அவளைப் பார்.

உன் மகளுக்குப் பெரியம்மாவாக இருக்க இப்போதுதான் பழகும்,
உன் அக்கா